குவாதலூப் தீவுக்குப் போகிறீர்களா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காரைக்காலில் பிறந்தவள். இருபது வருடத்துக்கு மேலாகப் பாரிஸ் புறநகரில் குடியிருக்கிறேன். கரீபியக் கடலில் இருக்கும் குவாதலூப் தீவுக்கு நான்கு முறை போய்வந்த பிறகு, சொந்தக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் போனில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னால் ஏதாவது ஒன்றை மறந்துவிடுகிறேன் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

"குவாதலூப்னா தனி நாடாக்கா? எங்க இருக்கு அது?"

தனி நாடு இல்லை. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். பிரெஞ்சுச் சட்டம், பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், பணம் யூரோ. கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில் வரிசையாக இருக்கும் சிறு தீவுகளுக்கு நடுவே, டொமினிக்காவுக்கு வடக்கே இருக்கிறது.

வரைபடத்தில் பார்த்தால் இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். மேற்கு இறக்கையின் பெயர் பாஸ்-தேர்: எரிமலை, அடர்ந்த காடு, அருவி, வாழைத்தோட்டம். கிழக்கு இறக்கை கிராந்த்-தேர்: தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம், கரும்பு, வெள்ளை மணல் கடற்கரை. இரண்டுக்கும் நடுவில் ஓடுவது ஒரு குறுகலான உப்புநீர்க் கால்வாய்தான், பாலத்தில் கடந்துவிடலாம். பாஸ்-தேர் என்றால் 'தாழ்ந்த நிலம்' என்று பொருள் வரும், ஆனால் மலையெல்லாம் அங்கேதான். காற்று மறைவான பக்கம் என்பதற்காகக் கப்பல்காரர்கள் வைத்த பெயர் அது. சுற்றிலும் மரி-கலாந்த், லே சேந்த், லா தெசிராத் என்று சின்னத் தீவுகள் உண்டு. பழங்குடிகள் இதைக் கருக்கேரா என்றார்கள். 1493-இல் வந்த கொலம்பஸ் ஸ்பெயினில் உள்ள ஒரு மாதா கோயிலின் பெயரை வைத்துவிட்டுப் போனார்.

"பிரான்ஸ் விசா கையில இருக்கு. அது போதும்தானே?"

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் போதும் என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். குவாதலூப் பிரான்சைச் சேர்ந்தது, ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. 'ஷெங்கன் நாடுகளுக்குச் செல்லும்' என்று மட்டும் எழுதிய சாதாரண விசாவை நம்பி விமானம் ஏற முடியாது. விண்ணப்பிக்கும்போதே போகும் இடம் குவாதலூப் என்று சொல்லி, கடல்கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்குச் செல்லும் விசா கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி பாரிஸ் விமான நிலையத்தில் பெட்டியைப் போடும் இடத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். விசாவில் அந்த ஒரு வரி இல்லாததுதான் காரணம்.

இன்னொரு நுணுக்கம். பாரிஸ் வழியாகப் போகிறவர் குவாதலூப்புக்கு விமானம் ஏறியதும் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பிப் பாரிசுக்குள் வருவது இரண்டாவது நுழைவு. ஆகவே ஷெங்கன் விசாவும் ஒருமுறை நுழைவாக இருக்கக் கூடாது.

பிரான்சில் வசிப்பு அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா வேண்டாம். புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. கனடா பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை.

"சென்னையிலேர்ந்து எப்படிப் போறது? ரொம்ப நேரம் ஆகுமா?"

ஆகும். முதலில் பாரிஸ் வந்து, அங்கிருந்து இன்னும் எட்டரை, ஒன்பது மணி நேரம் அட்லாண்டிக் மேல் பறக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் விமானம் ஷார்ல் த கோல் நிலையத்தில் இறங்கும். தீவுக்குப் போகும் விமானங்கள் பல ஓர்லி நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. இரண்டும் ஊரின் இரண்டு கோடி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைக் கடக்க வேண்டியிருப்பதால், பாரிசில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போவதுதான் என் யோசனை. டிக்கெட்டில் விமான நிலையத்தின் பெயரை இரண்டு தடவை பாருங்கள்.

கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு வசதி அதிகம், மொன்றியாலிலிருந்து நேரடி விமானம் உண்டு. அங்கே நேரம் இந்தியாவுக்கு ஒன்பதரை மணி பின்னால். ஊரில் இரவுச் சாப்பாடு முடியும் நேரத்தில் அங்கே காலை பத்து, பதினொன்று மணியாக இருக்கும்.

"எந்த மாசம் போனா நல்லது? புயல் வருமாமே?"

டிசம்பர் முதல் மே வரை மழை குறைந்த காலம், அதை அங்கே 'கரேம்' என்கிறார்கள். ஜூலை முதல் நவம்பர் வரை மழையும் புழுக்கமும், 'இவெர்னாஜ்'. புயல் காலம் என்று அதிகாரபூர்வமாக வைத்திருப்பது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டும் கடுமை. 1928-இல் வந்த புயலிலும், 1989-இல் வந்த ஹியூகோ புயலிலும் தீவு பட்ட பாட்டை வயதானவர்கள் இன்னும் சொல்கிறார்கள். இரண்டும் செப்டம்பரில் வந்தவை.

கிறிஸ்துமஸ் வாரமும், பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறையும் டிக்கெட் விலை எகிறும் நாட்கள். எனக்குப் பிடித்தது மே மாதம். மாம்பழம் இறங்கிவிடும், கூட்டம் வடிந்துவிடும். விடுமுறையே ஆகஸ்டில்தான் கிடைக்கும் என்றால், மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டும் பயணக் காப்பீடும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு நாளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நவம்பர் 1, அங்குள்ள கிறிஸ்தவர்கள் இறந்தவர்களை நினைக்கும் நாள். அன்று மாலை மோர்ன்-அ-லோ ஊரின் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். குன்றுச் சரிவு முழுக்கச் சின்ன வீடுகள் மாதிரிக் கல்லறைகள், கறுப்பு வெள்ளைச் சதுரக் கல் பதித்தவை. இருட்டியதும் ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அழுகைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கார்த்திகையை நினைத்துக்கொண்டு நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

"எத்தனை நாள் வேணும்? எங்க ரூம் போடறது?"

குறைந்தது பத்து நாள். அவ்வளவு தூரம் போய் ஐந்து நாளில் திரும்புவது உடம்புக்கும் பணத்துக்கும் நஷ்டம். தங்குமிடத்தை இரண்டாகப் பிரியுங்கள்: பாதி நாள் கிராந்த்-தேரில் (சேன்த்-ஆன் அல்லது சேன்-ஃபிரான்சுவா), பாதி நாள் பாஸ்-தேரில் (தே-ஏ, புயாந்த் அல்லது கபெஸ்தேர்). தீவு சின்னதுதானே, ஒரே இடத்தில் இருந்துகொண்டு சுற்றிவிடலாம் என்று நானும் முதல் தடவை நினைத்தேன். தினமும் மூன்று மணி நேரம் காரிலேயே போனது.

ஓட்டலைவிட அடுப்படியோடு வாடகைக்குக் கிடைக்கும் சின்ன வீடுகள் நல்லது. 'ழீத்' என்பார்கள். ஏன் அடுப்படி என்பது கீழே சாப்பாட்டுக் கேள்வியில் வருகிறது.

"கார் எடுக்காம சமாளிக்க முடியாதா?"

ஊருக்கு ஊர் பஸ் இருக்கிறது. ஆனால் மாலையில் சீக்கிரம் நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை அரிதாகத்தான் ஓடும். அருவிக்கும் மலைக்கும் பஸ்ஸை நம்ப முடியாது. கார் எடுத்துவிடுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இந்திய லைசென்சோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிச் செல்லுங்கள். கியர் இல்லாத கார் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும்.

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை புவாந்த்-அ-பீத்ர் நகரத்தைச் சுற்றி நெரிசல் கடுமையாக இருக்கும். மாலை ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். மலைப்பாதையில் விளக்குக் கிடையாது, அதற்குள் திரும்பிவிடுங்கள்.

"இங்கிலீஷ வச்சு ஓட்டிடலாமா?"

கஷ்டம். பேச்சு பிரெஞ்சு, வீட்டுக்குள் கிரியோல் என்ற உள்ளூர்க் கலப்பு மொழி. பத்து வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள். முதலாவது 'போன்ழூர்'. கடைக்குள் நுழைந்ததும், பஸ்ஸில் ஏறியதும், மருத்துவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நேராக விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டால் போதும், முகம் மலர்ந்து கூடவே நடந்து வந்து வழி காட்டுவார்கள்.

"நாங்க சைவம். பத்து நாளும் ரொட்டியும் வாழைப்பழமும்தானா?"

சாப்பாட்டுக் கடையில் சிரமம்தான். இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வரும். 'நி வியாந்த், நி ப்வாஸோன்' (இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். வடை மாதிரி இருக்கும் 'அக்ரா' பெரும்பாலும் கருவாட்டில் செய்தது, காய்கறி அக்ரா உண்டா என்று கேட்டு வாங்குங்கள். சிவப்புப் பயறு போட்ட சோற்றிலும் சில வீடுகளில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பார்கள்.

ஆனால் சந்தைக்குப் போனால் கவலை தீர்ந்துவிடும். சௌசௌவுக்கு அங்கே 'கிறிஸ்தோஃபின்' என்று பெயர். சீமைப்பலா, வள்ளிக்கிழங்கு, சேம்பு, பூசணி, வெண்டை எல்லாம் குவிந்திருக்கும். பாகற்காயைக் காட்டிப் பெயர் கேளுங்கள். 'பவோக்கா' என்பார்கள். நம் பாவக்காய்தான். முதல் தடவை அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தீவின் அடையாளமான குழம்பின் பெயர் 'கொலோம்போ'. கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த பொடியில் ஆட்டுக்கறியோ கோழியோ வேகவைப்பது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் விடக்கூடாது. பொடியைச் சந்தையில் வாங்கி அடுப்படியில் கத்தரிக்காய் போட்டும் வைக்கலாம், நான் அப்படித்தான் செய்தேன். மிளகாய் தனியாக வரும். 'போந்தா மான் ஜாக்' என்ற அந்த மிளகாய் நம் ஊர் மிளகாயைவிடப் பல மடங்கு காரம், நுனியளவு தொட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

"ரொம்பச் செலவாகுமா?"

பாரிசைவிட மளிகை விலை அதிகம். பெரும்பாலானவை கப்பலில் வருகின்றன, இறங்கும்போது ஒரு கடல் வரியும் உண்டு. 2009-இல் விலைவாசியை எதிர்த்துத் தீவே 44 நாள் வேலைநிறுத்தம் செய்தது. விளைந்ததைச் சந்தையில் வாங்கிச் சமைத்தால் செலவு நிறையக் குறையும். கடற்கரையும் காட்டுப்பாதைகளும் பெரும்பாலும் இலவசம். ரூபாய் நோட்டை அங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள், யூரோவோடு போங்கள்.

"சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. கடல்ல பயமில்லாம குளிக்க எங்க போறது?"

கிராந்த்-தேரின் தென்கரை. சேன்த்-ஆனில் பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் குளம் மாதிரி இருக்கும். தே-ஏ பக்கத்தில் உள்ள கிராந்த்-ஆன்ஸ் மிக அழகு, ஆனால் அலை சில நாள் இழுக்கும். தீவின் கிழக்கு நுனியான புவாந்த் தே ஷாத்தோவில் பார்ப்பதோடு சரி, இறங்கக் கூடாது. முகமூடி போட்டு மீன் பார்க்க மலாந்தூர் கரையும் எதிரே உள்ள பிஜோன் தீவுத்திட்டும்.

பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது 'மான்சனிலியே' மரம். கடற்கரையிலேயே வளரும், சின்ன ஆப்பிள் மாதிரிப் பச்சைக் காய் காய்க்கும். காய் விஷம், பால் பட்டால் தோல் வெந்துபோகும், மழைக்கு அடியில் ஒதுங்கினால் சொட்டும் நீரே கொப்பளம் கிளப்பும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். பட்டை இல்லாத மரமும் இருக்கலாம், அடையாளம் தெரியாத மரத்தடியில் துணி விரிக்காதீர்கள்.

பாஸ்-தேரின் வெந்நீர் ஊற்றுகளில் தலையை முக்காதீர்கள். மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும் ஒரு நுண்ணுயிர் அந்தச் சூட்டில் வாழும், எச்சரிக்கைப் பலகையும் இருக்கும். அப்புறம் 'சர்காஸ்' என்ற பழுப்புக் கடற்பாசி. 2011 முதல் சில மாதங்களில் கிழக்கு, தெற்குக் கரைகளில் குவியல் குவியலாக ஒதுங்கி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. அந்த நாட்களில் மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள்.

"எரிமலை மேலயே ஏறலாமாமே?"

ஏறலாம். லா சூஃப்ரியேர், 1,467 மீட்டர். கிரியோலில் 'கிழவியம்மா' என்று பொருள்படும்படி அவளை அழைக்கிறார்கள். பெய்ன் ழோன் என்ற வெந்நீர்த் தொட்டியிலிருந்து பாதை தொடங்கும், ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். காலை ஏழுக்குள் நடக்கத் தொடங்குங்கள், பத்து மணிக்கு மேகம் மூடிவிடும். மேலே குளிரும், காற்றும் ஆளைத் தள்ளும். உச்சியில் கந்தக வாயு வரும் பகுதியை வேலி போட்டு மூடியிருக்கிறார்கள், தாண்டாதீர்கள். 1976-இல் அவள் சீறியபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் ஊரைக் காலி செய்தார்கள். இப்போதும் கண்காணிப்பில்தான் வைத்திருக்கிறார்கள்.

முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்குக் கார்பே அருவி. மூன்றடுக்கில் இரண்டாவது 110 மீட்டர் உயரம், காட்டுவழியில் சுமார் இருபது நிமிடம் நடந்தால் எதிரே தெரியும்.

"தண்ணி குடிக்கலாமா? கொசு எப்படி?"

குழாய்த் தண்ணீர் பழைய குழாய்களால் அடிக்கடி நின்றுபோகும். வாடகை வீட்டில் தொட்டி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். குடிக்கப் பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்வது நிம்மதி. டெங்கு உண்டு, கொசு மருந்து தடவாமல் மாலையில் வெளியே உட்காராதீர்கள்.

வாழைத்தோட்டங்களில் 1993 வரை அடித்த 'குளோர்தெகோன்' என்ற பூச்சிமருந்து பாஸ்-தேரின் தெற்கு மண்ணில் இன்னும் தங்கியிருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் போகாது என்கிறார்கள். அதனால் ஆற்று இறாலும், எங்கே விளைந்தது என்று தெரியாத சாலையோரக் கிழங்கும் வாங்க வேண்டாம். ஒழுங்கான சந்தையில் கேட்டு வாங்குங்கள். நாம் பத்து நாளில் திரும்பிவிடுவோம். அங்கேயே பிறந்து வாழ்கிறவர்களுக்கு நடந்திருப்பது பெரிய அநியாயம்.

"பக்கத்துத் தீவு ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கு. எதுக்குப் போகலாம்?"

லே சேந்த். த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடல் ஆடும், காலையில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். இறங்கியதும் தேங்காய்ப் பூரணம் வைத்த 'தூர்மான் தமூர்' விற்பார்கள். இரண்டு நாள் இருந்தால் மரி-கலாந்த். கரும்பு, பழைய காற்றாலைகள், மாட்டுவண்டி, கூட்டமே இல்லாத கரை.

"அங்க மாரியம்மன் கோயில் இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?"

நிஜம். கபெஸ்தேர்-பெல்-ஓ ஊருக்குப் பக்கத்தில் சாலையோரமே சாங்கி கோயில் நிற்கிறது, வண்ணச் சிற்பங்களோடு. அதைத் தவிரச் சின்னக் கோயில்கள் வாழைத்தோட்டத்துக்குள்ளும் வீட்டுக் கொல்லையிலும் நிறைய. அம்மனை 'மலியெமென்' என்கிறார்கள். மதுரை வீரன் 'மல்தெவிலென்' ஆகியிருக்கிறார். நாகூர் ஆண்டவரும் கொடிமரத்தோடு 'நாகூர் மிரா' என்று அதே கோயில்களில் வணங்கப்படுகிறார், கடல் கடக்கக் காத்தவர் என்று. காரைக்காலிலிருந்து நாகூர் கூப்பிடு தூரம். எங்கள் பாட்டி கப்பலில் போன பிள்ளைக்காக அங்கே நேர்ந்துகொண்ட கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கொடி புரிந்தது.

1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால், கல்கத்தாத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். முதல் கப்பல் 'ஒரேலி' 1854 டிசம்பரில் புவாந்த்-அ-பீத்ரில் சேர்ந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர் வந்தார்கள். நோயிலும் வேலையிலும் செத்தவர்கள் ஏராளம், திரும்பியவர்கள் கொஞ்சம். அங்கேயே பிறந்த பிள்ளைகளையும் அரசு அந்நியராகவே வைத்திருந்தது. கபெஸ்தேரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் அவர்களுக்காக 1904 முதல் வாதாடினார். 1923-இல்தான் அவர்களுக்குக் குடியுரிமை உறுதியானது.

"அப்போ அங்க தமிழ்ல பேசலாமா?"

முடியாது. தமிழ் பேச்சுமொழியாக அங்கே மறைந்துவிட்டது. பூசாரியை 'வத்தியாலு' (நம் வாத்தியார்) என்பார்கள், தப்பு மேளம் 'தப்பூ', மத்தளம் 'மத்தலோன்'. காதுவழியாக வந்த தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். உச்சரிப்பு நமக்குப் பாதி புரியும், பாதி புரியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். போய் நின்று உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். "நீங்கள் தமிழர், மறந்துவிட்டீர்கள்" என்று சொல்லாதீர்கள். அவர்கள் குவாதலூப்காரர்கள், அதில் அவர்களுக்குப் பெருமை. மூன்றாம் தடவை போனபோது ஒரு முதிய வத்தியாலு பாடிய தாலாட்டு போன்ற வரியில் ஒரு சொல்லை நான் திருத்தப் போனேன். அவர் பாடுவதையே நிறுத்திவிட்டார். ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னபோது, அந்தச் சொல் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பழைய வழக்கு, அவர் பாடியதுதான் சரி என்றார்கள். அடுத்த முறை போய் மன்னிப்புக் கேட்டேன்.

"கோயில்ல கிடா வெட்டுவாங்களாமே. பிள்ளைங்கள அழைச்சிட்டுப் போகலாமா?"

நேர்த்திக்கடன் பூசைகளில் வெட்டுவார்கள். நம் கிராமத்துக் காவல்தெய்வக் கோயில் வழக்கம்தான் அது. பார்க்க முடியாதவர்கள் பூசை இல்லாத நாளில் சாங்கி கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம். பூசைக்குப் போவதென்றால் அது ஒரு குடும்பத்தின் வேண்டுதல், அவர்கள் கூப்பிட்டால்தான் போக வேண்டும். செருப்பைக் கழற்றுங்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள். முடிந்ததும் வாழையிலையில் சாப்பாடு போடுவார்கள். கறுப்பர், வெள்ளையர், எல்லாரும் பந்தியில் இருப்பார்கள். உட்கார்ந்து சாப்பிடாமல் கிளம்பினால் வருத்தப்படுவார்கள்.

"எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் காரைக்கால்ல கப்பல் ஏறினவர்தானாம். தேட முடியுமா?"

முடியலாம், பொறுமை வேண்டும். தீவின் மாவட்ட ஆவணக் காப்பகம் கூர்பேர் ஊரில் இருக்கிறது. பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. ஆகவே பயணத்துக்கு முன்னால் வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.

பெயர்தான் சிக்கல். பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ராமசாமி 'ரமசாமி' ஆவார், முத்துசாமி 'மூத்துசாமி', லட்சுமணன் 'லட்சுமனென்'. வந்தவருக்கு ஒரே பெயர்தான், அதுவே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. நீங்கள் தேடும் பெயரை எத்தனை விதமாகப் பிரெஞ்சில் எழுத முடியுமோ அத்தனையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே அவருடைய அப்பா பெயர், ஊர்ப் பெயர், ஏறக்குறைய எந்த வருடம் கிளம்பினார் என்பதும் வேண்டும். இதையெல்லாம் வீட்டிலுள்ள வயதானவரிடம் இந்த வாரமே கேட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் நான் கேட்கப் போனபோது பெரியத்தைக்கு நினைவு தப்பியிருந்தது. கிளம்பியவர் பெயர் மட்டும் கிடைத்தது, 'சின்னப்பு' என்று. அந்தப் பெயரில் இதுவரை ஏழு பேரைப் பதிவேட்டில் கண்டிருக்கிறேன்.